பெயரற்ற ஆசிரியர்கள்

இந்தியாவில் பிரேதத்தை அறுத்துக் கற்கும் கல்வியின் சரித்திரம் பெரும்பாலும் ஒரே சம்பவமாகச் சொல்லப்படுகிறது. 1836, கல்கத்தா மருத்துவக் கல்லூரி. பண்டிதர் மதுசூதன் குப்தா கத்தியை எடுத்து ஒரு மனித உடலைக் கீறுகிறார். வெளியே கதவுகள் சாத்தப்பட்டிருந்தன என்றும், காரியம் முடிந்ததும் வில்லியம் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கியது என்றும் சொல்வார்கள். நடந்தது ஜனவரியிலா அக்டோபரிலா என்பதிலேயே சரித்திரக்காரர்களிடம் ஒற்றுமை இல்லை. பீரங்கிச் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது.

எனக்கு அந்தச் சத்தத்தின் மீதுதான் சந்தேகம். மனித உடலைக் கீறத் தயங்கினால் அது ஜாதி ஆசாரம், மூடநம்பிக்கை; தயங்காமல் கீறினால் அது விஞ்ஞானத்தின் வெற்றி. இதுதான் பீரங்கி தரும் வியாக்கியானம். மாணவனின் கூச்சத்துக்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்பதை அது யோசிக்கவே விடுவதில்லை.

குப்தா மரபுக்கு வெளியிலிருந்து வந்தவர் அல்ல. சுஸ்ருத ஸம்ஹிதை முதன்முதலாக அச்சேறியது 1835-36இல், கல்கத்தாவில், பதிப்பித்தவர் அவரேதான். அந்த நூலின் சாரீர ஸ்தானம் பிரேதத்தைப் பார்த்துக் கற்கும் முறையைச் சொல்கிறது. அங்கஹீனம் இல்லாத, விஷத்தால் சாகாத, நெடுநாள் நோயில் கிடக்காத உடலாக இருக்க வேண்டும். அதைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் நீரில் மறைவான இடத்தில் ஏழு இரவுகள் ஊறவிட வேண்டும். பிறகு வெட்டிவேர், மயிர், மூங்கில் முதலியவற்றால் செய்த தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தோல் முதல் ஒவ்வொன்றாகக் கண்ணால் காண வேண்டும். இங்கே கத்தி இல்லை. உடலைத் திறக்கும் பாதி வேலையைத் தண்ணீரும் காலமும் செய்துவிடுகின்றன. கூச்சத்துக்கு இடம் கொடுத்து அமைந்த முறை இது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே 1836இல் புதிதாக வந்தது பார்வை அல்ல. கத்தியும், அதற்குப் பின்னால் வந்த எண்ணிக்கையும். கல்கத்தாவில் 1837இல் 60 உடல்கள் அறுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அது இரட்டிப்பாயிற்று. 1844இல் 500ஐத் தாண்டியது. எட்டு ஆண்டுகளுக்குள் தயக்கம் புள்ளிவிவரமாகிவிட்டது.

இந்தக் கூச்சம் ஹிந்துக்களின் தனிச்சொத்தும் அல்ல. இங்கிலாந்தில் 1752ஆம் ஆண்டுச் சட்டம் தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடலை அறுவைக்கு அனுப்பியது. சாவுக்கு மேலும் ஒரு தண்டனை அது. எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 1828 வரை பதினாறு பேரைக் கொன்று உடல்களை ஓர் உடற்கூற்று ஆசிரியருக்கு விற்றார்கள். விளைவாக 1832இல் வந்த சட்டம், ஏழை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் செத்து, கேட்பாரற்றுக் கிடந்தவர்களைக் கல்லூரிகளுக்குக் கொடுத்தது. நேற்றுவரை கொலைகாரனுக்கு விதித்த தண்டனை ஏழைக்கு மாற்றப்பட்டது. சென்னை மாகாணத்துக்கு 1951இல் வந்த உடற்கூறியல் சட்டமும் இதே தர்க்கத்தில் நிற்பதுதான். உரிமை கோரப்படாத உடல் கல்லூரிக்கு உரியது.

சென்னையில் மருத்துவப் பள்ளி 1835இல் தொடங்கி 1850இல் கல்லூரியாயிற்று. போதனை ஆங்கிலத்தில். இந்த ஆங்கிலம் அறிவுக்கு வாகனமாக இருந்ததோடு நிற்கவில்லை, கைக்கு உறையாகவும் இருந்தது என்பது என் எண்ணம். 'பிணம்' என்றால் நாற்றம். 'சவம்' என்றால் தீட்டு. 'பிரேதம்' என்றால் இன்னும் போய்ச் சேராத ஒன்று. தமிழில் சாவுக்கு அருகே உள்ள எந்தச் சொல்லும் சும்மா இருப்பதில்லை. 'கேடவர்' என்று சொன்னால் இவற்றில் எதுவும் உடன் வருவதில்லை. 'பாடி' என்பதற்கு உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இதற்கு எதிரான ஒரே பெரிய முயற்சி யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1847இல் அமெரிக்க மிஷனிலிருந்து வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பிற்பாடு தமிழிலேயே கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. அந்தத் தலைப்பைக் கேட்டதும் நமக்குப் பாதாதிகேசமும் கேசாதிபாதமும் நினைவுக்கு வராமல் போகாது. தெய்வத்தையும் தலைவியையும் அங்கம் அங்கமாகப் பாடி வந்த மொழியில், அந்தத் தொனி கெடாமல், எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மொழியில் படித்த மாணவனுக்கு உறை இல்லை. தன் தாயின் கையையும் மேஜைமேல் கிடக்கும் கையையும் அவன் ஒரே சொல்லால் சொல்லியாக வேண்டும். 1873இல் கிரீன் ஊர் திரும்பினார். தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. கலைச்சொல் போதாமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மறு பக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கூச்சம் மனோதத்துவத்தின் கைக்குப் போயிற்று. 1963இல் அமெரிக்காவில் ஹெரால்ட் லீஃப், ரெனே ஃபாக்ஸ் இருவரும், மாணவன் அறுவைக் கூடத்தில்தான் விலகி நின்று அக்கறை காட்டப் பழகுகிறான் என்று எழுதினார்கள். 1980களில் ஃப்ரெடரிக் ஹாஃபர்ட்டி மாணவர்களிடையே புழங்கும் பிணக் கதைகளை ஆராய்ந்தார். துண்டித்த கையை வைத்து யாரையோ பயமுறுத்திய கதைகள். இவை எப்போதும் வேறு யாருக்கோ, வேறு எங்கோ நடந்தவை. சிரிப்புக் கதை, புதியவனுக்கு எது பலவீனம் என்பதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

நான் இருக்கும் நாவலூரைச் சுற்றிக் கேளம்பாக்கத்திலும் தாம்பரம் பக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. செங்கற்பட்டில் 1965 முதலே அரசுக் கல்லூரி இருக்கிறது. இங்கே குடியிருக்கும் மாணவர்கள் சொல்வதும் பெரிதாக வேறுபடுவதில்லை. முதல் நாள் ஃபார்மலின் கண்ணை எரிக்கிறது. மத்தியானம் சோறு இறங்குவதில்லை. பத்தாவது நாள் இறங்கிவிடுகிறது. முகத்தைத் துணியால் மூடியிருப்பார்கள்; மூட முடியாதது கை. என் தங்கை மகள் முதலாண்டில் சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை. அவர்கள் மேஜையில் இருந்தது ஒரு வயதான பெண். முன்கையில் ஒரு பெயர் பச்சை குத்தியிருந்தது. பாதி எழுத்துக்கள் வாசிக்க முடிந்தன. புருஷன் பெயரா, பிள்ளை பெயரா தெரியாது. ஒரு வாரம் கழித்து அந்தத் தோலை உரிக்கும் முறை வந்தபோது யார் செய்வது என்று மேஜையில் சண்டை. யாரும் செய்யத் தயாராக இல்லை. "யாரும் கேட்டு வரலைன்னு எழுதியிருக்கு மாமா, ஆனா கையில ஒருத்தர் பேரு இருக்கே" என்றாள்.

இதைப் பலவீனம் என்று எப்படிச் சொல்வது? அவர்களுடைய கூச்சம், சட்டம் மறைத்த ஒன்றைப் படித்துவிட்டது. 'உரிமை கோரப்படாத' என்ற சொல்லுக்குள் ஒரு வாழ்க்கை இருந்தது என்பதை.

2019இல் வந்த புதிய பாடத்திட்டம் பிரேதத்தை 'முதல் ஆசிரியர்' என்று கற்பிக்கச் சொல்கிறது. பல கல்லூரிகளில் மாணவர்கள் முதல் நாளில் உறுதிமொழி எடுக்கிறார்கள். பீரங்கியைவிட இது நல்லது. தாமாக உடல் தானம் செய்பவர்களும் இருக்கிறார்கள். 2010இல் ஜோதி பாஸுவின் உடல் கல்கத்தாவில் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அவரை ஆசிரியர் என்று அழைப்பதில் பொருள் உண்டு; அவர் சம்மதித்தார். சம்மதம் கேட்கப்படாமல், நடைபாதையிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து மேஜைக்கும் வந்தவரை அதே சொல்லால் அழைக்கும்போது, மரியாதை ஒரு மூடுதுணி ஆகிவிடுகிறது.

உறுதிமொழியோடு இன்னும் ஒன்று வாசிக்கப்படலாம். பெயர் வேண்டாம். மேஜையில் இருப்பவர் தானமாக வந்தாரா, சட்டத்தால் வந்தாரா, எந்த வயது, எப்படிச் செத்தார். நான்கு வரி போதும். மாணவர்களுக்கு அன்று மத்தியானமும் சோறு இறங்காமல் போகலாம். மருத்துவராகப் போகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.