கடைசி வண்டியின் காவல்

வட்டக்கோட்டையை முதன்முதலாகக் காண வருவோர் பெயரைக் கொண்டு வட்டமான ஒரு மதிலை எதிர்பார்ப்பது வழக்கம். வந்து பார்த்தால் நாற்புறமும் நேராக நீண்டு செல்லும் கருங்கல் மதிலே கண்முன் நிற்கும். 1741ஆம் ஆண்டு குளச்சற் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சு வீரர் டி லனாய், பின்னர் அம்மன்னரின் படைத்தலைவராகவே உயர்ந்தார். இக்கோட்டையை வலுப்படுத்திக் கட்டியவர் அவரே என்று வரலாறு கூறும்.

திருவிதாங்கூரின் தெற்கு எல்லையைக் காத்த மதில் வரிசை ஒன்று இருந்தது. மலைப்பக்கம் தொடங்கி, ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைத்து, கடலை நோக்கி இறங்கிவந்த அவ்வரிசை முடிந்த இடம் வட்டக்கோட்டை. எத்தனை கல் தொலைவுக்கு மதில் எழுப்பினாலும், அது முடியும் முனையில் காவல் இல்லையானால், பகைவன் அம்முனையைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுவான். நீண்ட தொடர் எதுவாயினும் அதன் கடைக்கோடிக்குத் தனிக்காவல் வேண்டும் என்பதை அறிந்தே கடலோரத்தில் இக்கோட்டையை நிறுத்தினர்.

இன்று நான் பேச வந்தது கோட்டையைப் பற்றியன்று. ஒரே ஊர்தியின் பின்னே இரண்டு வண்டிகளைப் பூட்டி இழுத்துச் செல்வதற்குச் சட்டம் விதித்த வரம்புகளைப் பற்றி. கோட்டைக்கும் டிரெயிலருக்கும் என்ன உறவு என்று நேயர்கள் வினவலாம். உறவு உண்டு. அதனை எனக்கு உணர்த்தியது இக்கோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சாலையே.

சில ஆண்டுகளுக்கு முன், கும்பப்பூ அறுவடைக் காலத்தில், அந்திவேளையில் நிகழ்ந்தது அது. வைக்கோல் ஏற்றிய பின்வண்டி ஒன்றை டிராக்டர் இழுத்து வந்தது. அதன் பின்னே வெறும் பின்வண்டி ஒன்றும் கொக்கியில் மாட்டப்பட்டிருந்தது. பின்புறத்தில் விளக்கில்லை, ஒளி பட்டால் மின்னும் சிவப்புக் கண்ணாடியும் இல்லை. என் பழைய மாணவர் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சாலையோரத்தில் காத்து நின்றார். வைக்கோற் பாரம் தம்மைக் கடந்ததும், வண்டி போய்விட்டது என்றெண்ணிச் சாலையில் இறங்கினார். இருட்டில் ஓசையின்றி வந்த இரண்டாம் வண்டி அவரைத் தள்ளிற்று. கால் எலும்பு முறிந்தது. டிராக்டர் ஓட்டியவருக்கு நடந்தது தெரியவே இல்லை. ஊரார் ஓடிக் கூவிய பிறகே அவர் வண்டியை நிறுத்தினார். மறுநாள் மருத்துவமனைக்கு வந்து கட்டிலருகே நின்று அவர் சொன்ன சொல் என் காதில் இன்றும் ஒலிக்கிறது: “பின்னால ஒண்ணு கெடந்தது எனக்கு ஓர்மையே இல்ல, சாரே.”

அவர் கெட்டவர் அல்லர். தாம் இழுத்துச் செல்வதன் கடைசிப் பகுதியைக் காண முடியாத நிலையில் இருந்தவர். காண முடியாததற்கு யார் பொறுப்பு என்ற வினாவே இரட்டைப் பின்வண்டிச் சட்டத்தின் உயிர்நாடி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் அவ்வினாவுக்கு விடை தேடி வந்திருக்கிறது.

அவ்வரலாறு நீராவிக் காலத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் பெரிய நீராவி இயந்திரங்கள் பல வண்டிகளை இழுத்துக்கொண்டு பொதுச்சாலைகளில் ஓடத் தொடங்கியபோது மக்கள் அஞ்சினர், குதிரைகள் மிரண்டன. 1865ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அத்தகைய இயந்திரம் நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும், ஊருக்குள் 2 மைலும் மட்டுமே செல்லலாம். அதனை நடத்த மூன்று ஆட்களாவது இருக்கவேண்டும். அவர்களுள் ஒருவர் செங்கொடி ஏந்தி 60 கஜம் முன்னே நடக்கவேண்டும். செங்கொடிக்காரரைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பர், நகைத்தும் இருப்பர். அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு விதியும் உண்டு. இரண்டுக்கு மேற்பட்ட வண்டிகள் பூட்டப்பட்டிருந்தால், அவ்வண்டிகளைக் கவனிப்பதற்கென்றே கூடுதலாக ஓர் ஆளை அமர்த்தவேண்டும் என்பது அது. முன்னே நடப்பவர் எதிரே வருவோரைக் காத்தார். கூடுதல் ஆள் பின்னே தொடர்வதைக் காத்தார். கடைசி வண்டிக்குச் சட்டம் அமர்த்திய முதற் காவலர்களுள் இவரும் ஒருவர்.

1896ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்து இலேசான ஊர்திகளுக்கு அப்பழைய கட்டுகளைத் தளர்த்தியது. அப்போதும் ஒரு நிபந்தனை தவறாமல் இடம்பெற்றது. எடை 3 டன்னுக்குக் குறைவாக இருக்கவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வண்டியை இழுக்கவும் கூடாது. பின்னே ஒரு வண்டி இருந்தால் இலேசான ஊர்தி. இரண்டு இருந்தால் பழைய கட்டுகள் மீண்டும் வந்து சேரும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலுள்ள வேற்றுமை சிறிதன்று என்பதைச் சட்டம் அன்றே கண்டுகொண்டது.

நம் நாடும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. 1870களில் கிராம்ப்டன் என்ற இளம் படை அதிகாரி, ரப்பர்ப் பட்டை பொருத்திய சக்கரங்களையுடைய தாம்சன் நீராவி இயந்திரங்களைப் பஞ்சாபின் நெடுஞ்சாலையில் ஓட்டினார். அவற்றின் பின்னே வண்டிகள் தொடர்ந்தன. ‘அரசாங்க நீராவித் தொடர்’ என அது பெயர் பெற்றது. செனாப், ராவி என்று பஞ்சாபின் ஆறுகளின் பெயர்களை இயந்திரங்களுக்கு இட்டனர். அம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும் இருப்புப்பாதையின்றியே சாலையில் வண்டித்தொடர் ஓடக்கூடும் என்பதை இந்தியா கண்டது.

பொறியாளர்களும் கடைசி வண்டியைப் பற்றியே சிந்தித்தனர். பிரான்சு நாட்டுக் கர்னல் ரெனார் 1903ஆம் ஆண்டு பாரிசில் காட்டிய சாலைத் தொடரில், ஒவ்வொரு வண்டியும் முன்வண்டியின் தடத்திலேயே திரும்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. 1934ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் வடபாலைக்குச் சென்ற அரசாங்கச் சாலைத் தொடரும் இரண்டு பின்வண்டிகளை இழுத்தது. அவற்றின் சக்கரங்களும் இழுக்கும் ஊர்தியின் தடத்தைப் பின்பற்றும் வகையில் செய்யப்பட்டிருந்தன.

தடம் என்பது ஏன் அத்துணை முக்கியம்? இதனை நான் வகுப்பறையில் விளக்கியதில்லை. விளையாட்டுத் திடலில் விளக்குவேன். பத்துப் பிள்ளைகளைக் கைகோத்து ஒரு சங்கிலியாக நிறுத்தி, முதற்பையனை விரைந்து திரும்பச் சொல்வேன். அவன் நடந்தே திரும்புவான். கடைசிப் பையனோ தலைதெறிக்க ஓடவேண்டிவரும். முதற்பையன் கையைச் சற்றே அசைத்தால், அந்த அசைவு ஒவ்வொரு கையாகப் பெருகிச் சென்று கடைசிப் பையனைத் தள்ளாடச் செய்யும். முதற்பையன் திடீரென நின்றால், பின்னுள்ளோர் ஒருவர்மேல் ஒருவர் மோதுவர்.

சாலையிலும் இம்மூன்றும் நிகழும். ஊர்தி சற்றே விலகித் திரும்பினால், இரண்டாம் பின்வண்டியின் வாலாட்டம் முதல் வண்டியினதைவிடப் பெரிதாகும். வளைவில் ஒவ்வொரு வண்டியும் தனக்கு முன்னதைவிட உள்ளே ஒதுங்கி ஓடும். ஓட்டுநர் தப்பிய சாலையோரத்தைக் கடைசி வண்டி தப்பாது. இறக்கத்தில் முன்னே தடை போட்டால், தடையில்லாத பின்வண்டிகள் தம் பாரத்தால் முன்னதை நெட்டித்தள்ளும். தொடர் கத்தி மடங்குவதுபோல் மடங்கிவிடக்கூடும்.

இனி இந்தியச் சட்டத்துக்கு வருவோம். மோட்டார் ஊர்திகளுக்கென நாடு முழுமைக்குமான சட்டம் முதலில் 1914இல் வந்தது. விரிவான சட்டம் 1939இல் வந்தது. அதனையொட்டி எழுந்த மாகாண விதிகள் பலவற்றில் பின்வண்டிக்கான உதவியாளரைப் பற்றிய விதி உண்டு. பின்வண்டியின் தடையை ஓட்டுநரே இயக்க இயலாதபோது, ஒவ்வொரு பின்வண்டியிலும் தடை போடத் தெரிந்த ஓர் ஆள் இருக்கவேண்டும். தொடரின் கடைசி வண்டியின் பின்புறத்தில், பின்னே பார்த்து, முந்த வருவோருக்குச் சைகை காட்டி, ஓட்டுநருக்கும் செய்தி சொல்லக்கூடிய ஓர் ஆள் இருக்கவேண்டும். அவர் 20 வயதுக்குக் குறையாதவராதல் வேண்டும். 1865ஆம் ஆண்டின் கூடுதல் ஆள் இந்திய மண்ணில் மறுபிறவி எடுத்ததுபோல் இருக்கிறதல்லவா? சிறுவர்களை ஏற்றி அவ்வேலையில் அமர்த்திவிடக்கூடாது என்பதற்காகவே வயதையும் சட்டம் குறித்தது என்று நான் கருதுகிறேன்.

1988ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டமே இன்று நம்மை ஆள்வது. அதில் ஒரு விந்தை உண்டு. மோட்டார் வாகனம் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கத்துள் பின்வண்டியும் அடங்கும். இயந்திரம் இல்லை, தானாக ஓராடியும் நகராது, ஆயினும் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனம். வட்டமில்லாத வட்டக்கோட்டையைப்போலவே இதுவும் பெயரளவில் வியப்பூட்டுவது. ஆனால் காரணமின்றி வைத்த பெயரன்று. ஊர்தி என்று கொண்டால்தான் அதற்கும் பதிவு உண்டு, கடமை உண்டு, உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு.

அச்சட்டத்தின் 61ஆம் பிரிவு பின்வண்டிகளின் பதிவைப் பற்றியது. இழுக்கும் ஊர்தியின் பதிவெண்ணைப் பின்வண்டியிலோ, பல வண்டிகள் இருப்பின் தொடரின் கடைசி வண்டியிலோ காட்டாமல் எவரும் ஓட்டக்கூடாது என்று அது விதிக்கிறது. இருட்டில் ஒரு தொடர் ஒருவரைத் தள்ளிவிட்டுப் போனால், அடிபட்டவர் காணக்கூடியது அதன் முதுகை மட்டுமே. ஆதலால் முகவரியை முதுகில் எழுதச் சொல்லிற்று சட்டம். 115ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு, குறிப்பிட்ட சாலையிலோ வட்டாரத்திலோ பின்வண்டிகளைப் பயன்படுத்துவதைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. மத்திய விதிகளோ, பின்வண்டி உட்பட ஒவ்வொன்றின் பின்புறத்திலும் இருபக்கத்தும் ஒவ்வொன்றாக இரண்டு சிவப்பு ஒளிமீட்சிக் கண்ணாடிகள் வேண்டும் என்கின்றன. என் மாணவரின் காலைக் காத்திருக்கக்கூடியவை அவ்விரண்டு சிறு கண்ணாடிகளே.

வயலில் உழும் டிராக்டர் வேறு, பாரம் சுமக்கும் தொடர் வேறு என்பதையும் நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. டிராக்டரும் பின்வண்டியும் இணைந்து சரக்கேற்றும்போது அது சரக்கு வாகனமாகும், அதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து வழக்குகளிலோ, டிராக்டருக்குக் காப்பீடு உண்டு, பின்வண்டிக்கு உண்டா என்ற வினா திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. கொக்கியை மாட்டுவது ஒரு நொடி வேலை. அதனால் சேரும் பொறுப்பு அத்துணை எளிதில் கழலாது.

காலம் நிற்கவில்லை. 2020ஆம் ஆண்டு மத்திய விதிகள் திருத்தப்பட்டபோது, ‘சாலைத் தொடர்’ என்னும் வகைக்கு 25.25 மீட்டர் நீளம் வரை, குறிப்பிட்ட சாலைகளுக்கென இடமளிக்கப்பட்டது. 2025இல் நாகபுரிக்கும் பிவண்டிக்கும் இடையே அத்தகைய தொடர் ஒன்று ஓடத் தொடங்கிற்று. பஞ்சாபில் ஒருகால் கண்ட கனவு, அகன்ற விரைவுச்சாலையில் மீண்டும் உருப்பெற்றிருக்கிறது. நன்று. ஒரே இயந்திரம் கூடுதல் பாரத்தை இழுப்பதால் எரிபொருளும் செலவும் குறையும். ஆனால் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அந்தத் தொடர் அதற்கெனவே வடிவமைக்கப்பட்டது; ஓட்டுநரின் கால் அழுத்தத்துக்குக் கடைசிச் சக்கரமும் கட்டுப்படுவது; அதற்கேற்ற சாலையில் மட்டுமே ஓடுவது. அங்கே காவல் ஆளின் வேலையைத் தடைகளும் விளக்குகளும் ஏற்றுக்கொண்டன. வேலை மறையவில்லை, வேலையாள் மாறினார்.

நம் ஊர்ச் சாலையிலோ காவல் ஆளும் இல்லை, கருவியும் இல்லை. பழைய பாதுகாப்பு போய்விட்டது. புதியது வந்து சேரவில்லை. இந்த இடைவெளியிற்றான் மனிதர் விழுகின்றனர். மேற்கு மகாராஷ்டிரத்தின் கரும்புப் பருவத்தில் இரண்டு பின்வண்டிகளை இழுக்கும் டிராக்டர்கள் சாலையெங்கும் காணும் காட்சி. அவ்வளவு இங்கு இல்லை. ஆயினும் வெறும் வண்டிதானே, பக்கத்து ஊர்தானே என்று அறுவடைக் காலத்தில் ஒன்றன்பின் ஒன்று மாட்டும் பழக்கம் இல்லாமற் போகவில்லை. உழவர்க்கு நேரமும் டீசலும் அருமையானவை என்பதை நாஞ்சில் நாட்டில் பிறந்த நான் அறிவேன். இரண்டு நடை போவதற்குப் பதிலாக ஒரு நடை போவது மிச்சம்தான். அந்த மிச்சத்தின் விலையைச் சாலையோரத்தில் நிற்கும் வேறொருவர் கொடுக்க நேர்வதுதான் முறையன்று.

ஆகவே, கொக்கியை மாட்டுமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளல் நலம். நம் சாலையில் இதற்கு அனுமதி உண்டா? கடைசி வண்டி நான் நிறுத்தும்போது நிற்குமா? பின்னே வருபவர் இருட்டில் அதனைக் காண்பாரா? மூன்றில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்பது விடையாயின், இரண்டாம் வண்டி களத்திலேயே கிடக்கட்டும். நாளை வந்து எடுத்துக்கொள்ளலாம்.

என் மாணவர் இப்போது நடக்கிறார். சற்றே சாய்ந்து நடக்கிறார். அந்த டிராக்டர் ஓட்டுநரும் அவரும் நண்பர்களாகிவிட்டனர். ஓட்டுநர் தம் பின்வண்டியில் தம் கையாலேயே இரண்டு சிவப்புக் கண்ணாடிகளைப் பொருத்தியிருக்கிறார். மாலையில் கோட்டை மதில்மேல் நின்று பார்க்கையில், வீடு திரும்பும் வண்டிகளுக்கிடையே அவ்விரு சிவப்புப் புள்ளிகள் சில நாள் என் கண்ணில் படும். எந்தச் சட்டப்பிரிவு அவற்றை விதிக்கிறது என்று அவர் அறிந்திருக்கமாட்டார். அப்பிரிவு எதற்காகப் பிறந்தது என்பதை மட்டும் நன்கு அறிவார்.