மீட்புக்கென ஒதுக்கிய இடம்

கணினியின் வரலாற்றை எழுதியவர்கள் அதன் வேகத்தைப் பற்றியும் கொள்ளளவைப் பற்றியும் நிறையவே எழுதிவிட்டார்கள். ஒரு கணினி தன் நேற்றைய நிலையை நினைவில் வைத்துக்கொள்ள வன்தட்டில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டது என்பது ஒரு சிறிய கிளைக்கதை. எனக்கு அது கல்முனையில் 2003ஆம் ஆண்டில் அறிமுகமானது.

அப்போது என்னிடம் இருந்தது 40 கிகாபைட் வன்தட்டும் விண்டோஸ் எக்ஸ்பியும் கொண்ட கணினி. பாமினி எழுத்துருவில் கட்டுரைகளைத் தட்டச்சுச் செய்வேன். எழுத்துக்கு வேண்டிய இடம் சொற்பம்தான். பாட்டும் படமும் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுகளும்தான் தட்டை நிரப்பின. இடமில்லை என்ற எச்சரிக்கை அடிக்கடி வரவே, ஊரில் கணினி திருத்தும் ஓர் இளைஞரை அழைத்தேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "காக்கா, சிஸ்டம் ரெஸ்டோர் மட்டும் நாலு கிகாபைட்டுக்கு மேல புடிச்சி வெச்சிருக்கு. இத மூடினா இடம் வந்திரும்" என்றார். மூடினார். இடம் வந்தது.

சிஸ்டம் ரெஸ்டோர் 2000 செப்டம்பரில் விண்டோஸ் மில்லேனியத்துடன் வந்தது. புதிய மென்பொருளொன்றை நிறுவி அதனால் கணினி குழம்பினால், முன்னர் குறித்துவைத்த ஒரு நாளின் நிலைக்குத் திரும்பலாம் என்பதே அதன் வாக்குறுதி. அந்த நாள்குறிப்புக்கு மீட்புப் புள்ளி என்று பெயர். தொடக்கம் மங்களகரமாக இருக்கவில்லை. 2001 செப்டம்பர் 8க்குப் பின்னர் உருவான மீட்புப் புள்ளிகளைக் கொண்டு மில்லேனியத்தை மீட்க முடியாமற் போனது. காலத்தைப் பின்னோக்கி நகர்த்த வந்த கருவி, நாட்காட்டியிலேயே தடுக்கி விழுந்தது! மைக்ரோசொப்ட் பின்னர் அதற்கொரு திருத்தத்தை வெளியிட்டது.

2001 ஒக்டோபரில் வந்த எக்ஸ்பி, 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளில் அதிகபட்சம் 12 வீதத்தை இதற்கென ஒதுக்கியது. 40இல் 12 வீதம் 4.8 கிகாபைட். அந்த இளைஞரின் கணக்கு சரியாகவே இருந்திருக்கிறது. ஒதுக்கிய இடம் நிரம்பினால் பழைய புள்ளிகள் முதலில் அழியும். 90 நாட்களைக் கடந்தவையும் நீங்கிவிடும். ஒதுக்கீட்டைக் குறைக்க ஓர் இழுவைப்பட்டியும் இருந்தது. முற்றாக மூடாமல் அதை நகர்த்தியிருந்தாலே போதும். அந்நாளில் அது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. வைரசுகள் அந்த மறைவான கோப்புறைக்குள் போய்ப் பதுங்கின என்பதால், ரெஸ்டோரை மூடிவிட்டுத் துப்புரவு செய்யுங்கள் என்று வைரசு எதிர்ப்பு நிறுவனங்களே அப்போது அறிவுறுத்தின.

மூடியதற்காக நான் வருந்தியதுண்டு. பின்னாளில் விவரம் அறிந்தபோது அந்த வருத்தம் குறைந்தது. எக்ஸ்பியின் மீட்புப் புள்ளிகள் இயங்குதளக் கோப்புகளையும் பதிவேட்டையும் காத்தனவேயன்றி, 'மை டொக்கியுமென்ட்ஸ்' கோப்புறையில் கிடந்த என் கட்டுரைகளைத் தொடவில்லை. அவை எல்லாவற்றையும் காத்திருந்தாலும் பயனிருந்திராது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வளவுகள் வெறும் மணலாயின. அத்தனை மரணங்களின் நடுவே ஒரு கணினியைப் பற்றிப் பேசக் கூச்சமாகவே இருக்கிறது. என் வீட்டு மேசையில் இருந்த அது உப்புநீரில் ஊறிக் கிடந்தது. வன்தட்டு எவராலும் திறக்க முடியாதபடி போயிற்று.

அடுத்து வந்த மாதங்களில் முகாம்களில் செய்தி சேகரித்தபோது, மக்கள் உயிர்களுக்கு அடுத்ததாகக் காகிதங்களைத் தேடியதைக் கண்டேன். பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி. அங்கேதான் பழைய காலத்தவரின் ஓர் ஏற்பாடு எனக்கு விளங்கியது. இலங்கையில் பிரசித்த நொத்தாரிசு முடிக்கும் உறுதியின் மூலப்பிரதி உரியவரிடம் போகும்; இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும்; மற்றொன்று நொத்தாரிசின் கையிலேயே இருக்கும். பிரித்தானியர் காலத்து நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் வகுத்த ஒழுங்கு இது. பெட்டியோடு உறுதி போனவர்கள் பலருக்கும் பிரதி கேட்டுப் போக ஓர் இடமிருந்தது. எழுத்து உறுதியே இல்லாமல் தலைமுறையாகக் குடியிருந்தவர்களின் பாடுதான் பெரும்பாடு. அது தனியே எழுத வேண்டிய கதை.

என் கணினியில் அந்த ஒழுங்கு இருக்கவில்லை. வழக்கமாக மீட்புப் புள்ளி எந்தத் தட்டைக் காக்கிறதோ அந்தத் தட்டிலேயே குடியிருக்கிறது. தட்டு போனால் இரண்டும் போகும்.

2007இல் பொதுமக்களிடம் வந்த விஸ்டா, பயனரின் கோப்புகளின் முந்தைய வடிவங்களையும் நிழற்பிரதிகளாகச் சேர்த்தது. 15 வீதம் வரை இடம் பிடித்தது. இழுவைப்பட்டியையும் நீக்கியது. அளவைக் குறைக்கக் கட்டளைவரியில் எழுத வேண்டியிருந்தது. பலரும் முணுமுணுத்தனர். 2009இல் விண்டோஸ் 7 அந்தப் பட்டியைத் திருப்பித் தந்தது. விண்டோஸ் 10 வந்த காலத்தில் பல கணினிகளில் இந்த வசதி மூடியே கிடந்தது. வேண்டியவர் தாமே திறக்க வேண்டும். 2025 ஜூன் மாதப் புதுப்பித்தலோடு விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் மீட்புப் புள்ளிகளின் ஆயுள் 60 நாட்கள் வரை என்றாகியிருக்கிறது.

அழிந்த என் கட்டுரைகளில் முப்பதுக்குக் கிட்ட மீண்டும் கிடைத்தன. சில கொழும்புப் பத்திரிகைக் கட்டுகளிலிருந்து வந்தன. மற்றவை கடலிலிருந்து உள்ளே தள்ளி, சம்மாந்துறையில் இருக்கும் ராத்தா வீட்டில் கிடைத்தன. நான் பத்திரிகையில் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அவர் வெட்டி, பழைய பள்ளிக் கொப்பியொன்றில் ஒட்டிவைத்திருந்தார். பசை காய்ந்து சில உதிர்ந்திருந்தன. தட்டச்சுச் செய்ய நான் அதைக் கேட்டபோது, "கொப்பிய இங்க வெச்சே எழுது, தம்பி" என்றார்.