சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்: வழக்கு மன்றம் வரை உடன் நடந்தவர்கள்

மேற்கு லண்டனின் சவுத்தாலில் 1979 ஏப்ரலில் நிறவெறிக் கட்சியை எதிர்த்து மக்கள் திரண்டனர். போலீஸ் தாக்குதலில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் உயிரிழந்தார். அவ்வாண்டு நவம்பரில் ஆசிய, ஆப்பிரிக்க, கரீபியப் பெண்கள் சிலர் தொடங்கியதே சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ். தெருவில் நிறவெறியை எதிர்த்த இவர்கள், வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றியும் பேசினார்கள். குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுப்பதாகச் சொந்தச் சமூகத்தாரே ஏசினார்கள். ஆனாலும் ஆலோசனை மையம் திறந்தது. அடிபட்ட பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அமைப்பை நாடறியச் செய்தது கிரண்ஜித் அலுவாலியாவின் வழக்கு. பத்தாண்டுகள் கணவனிடம் அடியும் சூடும் பட்டவர். 1989 மே மாதத்தில் ஓர் இரவு, உறங்கிக்கொண்டிருந்த கணவன்மேல் பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். கணவன் இறந்தான்; டிசம்பரில் இவருக்கு ஆயுள் தண்டனை. ஆத்திரமூட்டப்பட்டுச் செய்த செயல் என்று வாதாட, நிதானம் அந்தக் கணமே குலைந்திருக்க வேண்டும் என்றது அன்றைய சட்டம். அடி விழுந்ததும் திருப்பி அடிக்க வலுவுள்ளவருக்கே அந்த அளவுகோல் பொருந்தும். ஆண்டுக்கணக்கில் அஞ்சி ஒடுங்கியவளுக்கு அதில் இடமே இல்லை.

அமைப்பினர் சிறைக்குச் சென்று அவர் கதையைக் கேட்டனர், வழக்கறிஞர்களைச் சேர்த்தனர், வீதியில் இயக்கம் நடத்தினர். முதல் விசாரணையில் வராத மனநல மருத்துவச் சான்று மேல்முறையீட்டில் வந்தது. 1992 ஜூலையில் தீர்ப்பு ரத்தானது. செப்டம்பர் 25 அன்று மறுவிசாரணையில், மனநிலை பாதிப்பைக் கருதிக் குற்றம் கொலையிலிருந்து குறைக்கப்பட்டது; 3 ஆண்டு 4 மாதத் தண்டனையை ஏற்கெனவே கழித்திருந்ததால் விடுதலையானார். 'அந்தக் கணமே' என்ற நிபந்தனை சட்டத்திலிருந்து நீங்கியது 2010-இல்தான்.

என் கணிப்பில் இதற்கு இணையான சாதனை, வெளிச்சம் குறைவாகவே விழுந்த விசாப் போராட்டம். கணவனை நம்பி விசா பெற்று வந்தவள், குறித்த காலத்துக்குள் பிரிந்தால் நாட்டில் தங்க முடியாமல் இருந்தது; அரசு உதவித்தொகை கிடைக்காததால் காப்பகங்களும் சேர்க்கத் தயங்கின. வன்முறையை நிரூபித்தால் நிரந்தரமாகத் தங்கலாம் என 2002-இல் விதி வந்தது. விண்ணப்பம் முடியும்வரை சோற்றுக்கும் கூரைக்கும் என்ன வழி என்று அமைப்பினர் விடாமல் கேட்டார்கள். 2012 ஏப்ரலில் மூன்று மாத உதவிச் சலுகை கிடைத்தது.

இடையில் 2008-இல், சவுத்தாலை உள்ளடக்கிய ஈலிங் நகரமன்றம் அமைப்புக்கான நிதியை நிறுத்த முற்பட்டபோது, உதவி பெற்ற பெண்களே வழக்குத் தொடுத்தனர், நகரமன்றம் பின்வாங்கியது.

வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் இருப்போரின் மனைவியருக்கு அந்த மூன்று மாதச் சலுகை 2024-இல்தான் நீண்டது. அப்போதும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை சேர்ந்து வரவில்லை. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் கணவனோடு லண்டன் செல்லும் நம் பெண்கள் பலர் இந்த வகை விசாவில்தான் செல்கிறார்கள்.