பொறியும் கருவும்: யூனிக்ஸ் முதல் லினக்ஸ் வரை

கணனியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அதனைப் பொறிகளின் வரலாறாகவே எழுதிச் சென்றுள்ளனர். எந்த ஆண்டில் எந்தப் பொறி விற்பனைக்கு வந்தது, அதன் வேகம் யாது, விலை யாது என்பனவே அவ்வரலாற்றில் முதன்மை பெறுகின்றன. ஆயின் பொறி தன்னளவில் எதனையும் செய்வதில்லை. அதன் நினைவகத்தைப் பங்கிட்டு, வட்டினையும் அச்சுப்பொறியையும் ஆண்டு, பலருடைய வேலைகளை ஒரே வேளையில் ஒழுங்குபடுத்தும் நிரல்கள் அதற்கு வேண்டும். அத்தகைய நிரல்களின் தொகுதியே பணிசெயல் முறைமையாகும். அம்முறைமையின் நடுவே நின்று பொறியோடு நேரே தொடர்புகொள்ளும் பகுதி கேர்னல் எனப்படும். அதனைக் 'கரு' என இக்கட்டுரை வழங்குகின்றது. இக்கருவைக் குறித்தவொரு செயலிக்கும் அதனைச் சூழ்ந்த கருவிகளுக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளும் வேலை இங்கு 'தகவமைப்பு' எனப்படுகின்றது.

மேலோட்டமாக நோக்குவோர்க்குத் தகவமைப்பு என்பது தொழில்நுட்பவியலாளர் செய்யும் சிறியதொரு வேலையாகவே தோன்றும். வரலாற்று நோக்கிற் காணுமிடத்து அதனுள் ஒரு பெரும் வினா அடங்கியிருத்தல் புலனாகும். பொறியை விற்றவரே அதில் நடைபெறும் வேலைகளையும் ஆள்வதா, அன்றிப் பொறியை வாங்கியவர் தம் வேலைக்கேற்ற முறைமையைத் தாமே அமைத்துக்கொள்வதா என்பதே அவ்வினா. கடந்த அரை நூற்றாண்டில் கரு பொறியிலிருந்து விடுதலை பெற்றுவிட்டது எனக் கூறுவாருளர். அது முழு உண்மையன்று. கரு பொறியிலிருந்து ஒருபோதும் விடுபட்டதில்லை. பொறிக்குரியது எது, எல்லாப் பொறிகளுக்கும் பொதுவானது எது என்னும் எல்லைக்கோடே வரையப்பட்டது. அக்கோடு மீண்டும் மீண்டும் திருத்தி வரையப்பட்டமையே இவ்வரலாற்றின் சாரமாகும்.

1960களில் கணனி உற்பத்தியாளரே பொறியோடு முறைமையையும் சேர்த்து வழங்கினர். அம்முறைமைகள் பெரும்பாலும் ஒருங்குசேர் மொழியில் எழுதப்பட்டன. அது குறித்தவொரு செயலியின் கட்டளைகளை அவ்வாறே குறியீடுகளால் எழுதும் மொழியாதலின், ஒரு செயலிக்கு எழுதியது மற்றொன்றுக்கு உதவாது. பரோஸ் நிறுவனத்தின் முறைமையும் மல்ட்டிக்ஸ் முறைமையும் உயர்நிலை மொழிகளில் எழுதப்பட்டனவெனினும் அவையும் தத்தம் பொறிகளைச் சார்ந்தே நின்றன. இதன் விளைவு வெளிப்படையானது. வேறொரு பொறியை வாங்க விரும்பிய நிறுவனம், தான் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த நிரல்களைக் கைவிட வேண்டியிருந்தது. இன்றேல் பழைய உற்பத்தியாளரிடமே மீண்டும் செல்ல வேண்டியிருந்தது.

இப்பகைப்புலத்திலேயே யூனிக்ஸ் தோன்றியது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுகூடம் 1969 ஆம் ஆண்டு மல்ட்டிக்ஸ் திட்டத்திலிருந்து விலகியபின், அங்கு பணியாற்றிய கென் தொம்சன் அதிகம் பயன்படாதிருந்த பிடிபி-7 பொறியொன்றில் இம்முறைமையின் முதல் வடிவத்தை எழுதினார். பின்னர் பிடிபி-11 பொறி கிடைத்தபோது முறைமையைப் புதிய செயலியின் ஒருங்குசேர் மொழியில் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. முன்னைய பொறியின் சொல் 18 பிற்று நீளமுடையது. பின்னையதன் சொல் 16 பிற்று நீளமுடையது. ஒரே உற்பத்தியாளரின் பொறிகளாயினும் ஒன்றன் நிரல் மற்றதில் ஓடவில்லை.

டெனிஸ் றிச்சி உருவாக்கிய சி மொழி இந்நிலையை மாற்றியது. 1972 இல் கருவை அம்மொழியின் தொடக்க வடிவில் எழுத முயன்ற தொம்சன் அம்முயற்சியைக் கைவிட்டார். மொழி மேலும் வளம்பெற்றபின், 1973 ஆம் ஆண்டுக் கோடையில் கரு சி மொழியில் எழுதி முடிக்கப்பட்டது. 1978 இல் தொம்சன் வெளியிட்ட கட்டுரையொன்று அதன் அளவைத் தருகின்றது. கருவில் ஏறத்தாழ 10,000 வரிகள் சி மொழியிலும் 1,000 வரிகள் ஒருங்குசேர் மொழியிலும் இருந்தன. பின்னைய 1,000 வரிகளுள் 200 வரிகள் வேகங்கருதி எழுதப்பட்டவை. எஞ்சிய 800 வரிகளும் சி மொழியில் எழுதவே முடியாத வன்பொருட் பணிகளுக்குரியவை. பொறியின் பங்கு எவ்வளவு என்பது இங்ஙனம் எண்ணிக் காட்டப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

எனினும் அந்த 800 வரிகளை மாற்றிவிட்டாற் போதும் எனக் கருதுதல் தவறாகும். சி மொழியில் எழுதப்பட்ட வரிகளுள்ளும் பொறி மறைந்திருந்தது. எண் ஒன்று 16 பிற்று நீளமுடையது, முகவரியை எண்ணாகவே கொள்ளலாம் என்றவாறான எடுகோள்கள், எழுதியோர் அறியாமலே அவ்வரிகளிற் புகுந்திருந்தன. பைற்றுகளின் ஒழுங்கு இதற்குத் தக்க சான்றாகும். பிடிபி-11 ஒரு சொல்லின் இரு பைற்றுகளுள் சிறு மதிப்புடையதை முதலில் வைக்கும். வேறு சில பொறிகள் பெரு மதிப்புடையதை முதலில் வைக்கும். 'அஆஇஈ' என ஒரு பொறி எழுதியதை மற்றொன்று இரண்டிரண்டாக எடுத்து வாசிப்பின் 'ஆஅஈஇ' என வரும். இவ்விருவகை ஒழுங்குக்கும் 1980 இல் டனி கோஹன் இட்ட பெயர்கள், முட்டையை எம்முனையில் உடைப்பது என்பதற்காகப் போரிட்ட மக்களைப் பற்றி 1726 இல் ஜொனதன் சுவிவ்ற் எழுதிய அங்கதக் கதையிலிருந்து பெறப்பட்டவை.

மறைந்திருந்த இப்பொறியை வெளிக்கொணரும் முயற்சி 1977 ஆம் ஆண்டு இரு இடங்களில், ஒன்றையொன்று சாராது நடைபெற்றது. அவற்றுள் ஒன்று அவுஸ்திரேலியாவின் வொலொங்கொங் பல்கலைக்கழகம். சிட்னிக்குத் தெற்கே, நிலக்கரிக்கும் உருக்கிற்கும் பெயர்பெற்ற நகரில் அமைந்த இப்பல்கலைக்கழகம் 1975 இலேயே தனிப் பல்கலைக்கழகமாகியிருந்தது. அங்கிருந்த பொறி பிடிபி-11 அன்று. இன்ரடேற்றா 7/32 என்னும் 32 பிற்றுப் பொறியாகும். யூனிக்ஸைப் பயன்படுத்த விரும்பிய அவர்களுக்கு அதனைத் தம் பொறிக்குக் கொண்டுவருவதைவிட வேறு வழி இருக்கவில்லை. றிச்சர்ட் மில்லர் முதலில் சி மொழித் தொகுப்பியை அப்பொறிக்கு மாற்றினார். பின்னர் யூனிக்ஸை உற்பத்தியாளரின் முறைமைக்கு மேலேயே இயக்கிப் பார்த்து, அதன்பின் அதனைத் தனித்து நிற்கச் செய்தார். வசதி குறைந்த இளம் பல்கலைக்கழகமொன்று, கையிலிருந்த பொறியை வைத்துக்கொண்டு இதனைச் சாதித்தமை சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது.

மற்றைய முயற்சி பெல் ஆய்வுகூடத்திலேயே நிகழ்ந்தது. ஸ்ரீபன் ஜோன்சனும் றிச்சியும் இன்ரடேற்றா 8/32 பொறியைத் தெரிந்தெடுத்தனர். வொலொங்கொங்கில் தேவை காரணமாக நிகழ்ந்தது இங்கு சோதனையாக நிகழ்த்தப்பட்டது. பிடிபி-11 இலிருந்து வேறுபட்ட பொறியில் நிறுத்திப் பார்த்தாலன்றிக் கருவின் எடுகோள்கள் வெளிப்படா என அவர்கள் உணர்ந்திருந்தனர். இவ்வேலை கருவை மட்டுமன்றி மொழியையும் மாற்றியது. எண்ணையும் முகவரியையும் வேறுபடுத்திக் கையாளும் கண்டிப்பு சி மொழியில் வலுப்பெற்றது. 1979 இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு இவ்வனுபவத்தின் பயனாகும்.

செயலி ஒன்றாயினும் அதனோடு இணைந்த கருவிகள் இடத்துக்கிடம் வேறுபடும். இத்தகவமைப்பின் தொடக்க வடிவம் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பிலிருந்த சிறு நிரலொன்றிற் காணப்படுகின்றது. நிலையத்திலுள்ள வட்டு, நாடா, அச்சுப்பொறி ஆகியவற்றின் பெயர்ப்பட்டியலைக் கொடுத்தால் அது இரு கோப்புகளை எழுதித் தரும். கருவி அழைக்கும்போது செயலி எங்கே செல்லவேண்டும் என்பதை ஒன்று ஒருங்குசேர் மொழியிற் கூறும். எக்கருவிக்கு எந்நிரல் என்பதை மற்றையது சி மொழியில் அட்டவணைப்படுத்தும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஜோன் லயன்ஸ் தம் மாணவருக்காக இப்பதிப்பின் கருவுக்கு உரை எழுதியபோது, பிடிபி-11/40 என்னும் ஒரே பொறிக்கும் அதற்குரிய சில கருவிகளுக்கும் உரிய நிரல்களையே தெரிந்துகொண்டார். ஏனையவற்றை விலக்கியமையாலேயே கரு மாணவர் ஒருவர் முழுமையாக வாசித்து விளங்கக்கூடிய நூலாயிற்று. தகவமைப்பு என்பது தெரிவு மட்டுமன்று, விளக்கமுமாகும் என்பதற்கு இது சான்று.

ஏழாம் பதிப்பின் உரிம நிபந்தனைகள் அதன் மூலநிரலை வகுப்பறையிற் கற்பிக்க இடமளிக்கவில்லை. லயன்ஸின் உரை பல்லாண்டுகள் நிழற்பிரதிகளாகக் கைமாறி, 1996 இலேயே நூலாக வெளிவந்தது. பொறியின் பிடியிலிருந்து ஓரளவு நெகிழ்ந்த கரு, இப்போது உரிமத்தின் பிடிக்குள் வந்தது. இத்தடையே நெதர்லாந்திற் கற்பித்த அன்ட்று ரனன்பாம் மாணவருக்காக மினிக்ஸ் முறைமையை எழுதி 1987 இல் வெளியிடக் காரணமாயிற்று. மினிக்ஸைப் பயன்படுத்திய ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் லினக்ஸ் கருவை வெளியிட்டார்.

லினக்ஸ் தொடக்கத்திற் பின்னோக்கிய ஓரடியாகவே அமைந்தது. இன்ரெல் 386 செயலியின் தனி வசதிகளை அது நேரடியாகப் பயன்படுத்தியது. அது வேறு பொறிக்குக் கொண்டுசெல்லத்தக்கதன்று என டோர்வால்ட்ஸே அறிவித்திருந்தார். ஒரே செயலிக் குடும்பத்தோடு பிணைந்திருத்தலை 1992 இல் ரனன்பாம் கண்டித்தார். ஆயின் 1994 இல் டிஜிற்றல் நிறுவனத்தின் ஜோன் ஹோல் வழியாக அல்பா என்னும் 64 பிற்றுப் பொறி டோர்வால்ட்ஸுக்குக் கிடைத்தது. வொலொங்கொங்கில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது: வேறொரு பொறி வந்தபின்னரே கருவினுள் மறைந்திருந்த முதற்பொறி கண்ணுக்குப் புலனாயிற்று. ஒவ்வொரு செயலிக் கட்டமைப்புக்கும் உரிய நிரல்கள் தனித்தனிக் கோப்புறைகளில் ஒதுக்கப்பட்டன, ஏனையவை பொதுவாயின. 1995 மார்ச்சில் வெளியான 1.2 ஆம் பதிப்பு இன்ரெல் அல்லாத செயலிகளையும் ஏற்றது.

கருவைத் தகவமைப்பவரிடம் லினக்ஸ் வினாக்களை நிரல்படக் கேட்டது. தசம எண் கணிதத்துக்குரிய உறுப்பு செயலியில் இல்லையாயின் அதனை நிரலாற் செய்யவேண்டுமா என்பது அவற்றுள் ஒன்று. 386 செயலியில் அவ்வுறுப்பு இல்லாமையே அவ்வினாவின் காரணம். பின்னர் செயலிக் குடும்பத்தைத் தெரியுமாறும் கேட்கப்பட்டது. புதிய செயலிக்கென அமைத்த கரு பழையதில் தொடங்காமலே போகலாம்; பழையதற்கென அமைத்தது புதியதன் ஆற்றலை முழுமையாகப் பெறாது. 2002 இல் றோமன் சிப்பல் எழுதிய முறை, ஒரு தெரிவு மற்றெதனைச் சார்ந்தது என்பதையும் ஒழுங்காக எழுதிவைக்க வழிசெய்தது.

எனினும் எல்லைக்கோடு மீண்டும் குழம்பியது. கைத்தொலைபேசிகளிற் பரவிய ஏஆர்எம் செயலிகளை உரிமம் பெற்ற பல நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி சுற்றுறுப்புகளைச் சேர்த்துத் தயாரித்தன. இணைக்கப்பட்ட கருவிகள் எவையெனக் கரு தானே கண்டறியும் பொது முறை அவற்றில் இருக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் தனி நிரல் எழுதப்பட்டுக் கருவினுள் குவிந்தது. 2011 இல் டோர்வால்ட்ஸ் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். பலகையின் விவரணத்தைக் கருவிலிருந்து பிரித்துத் தனித் தரவாக எழுதி, தொடங்கும் வேளையிற் கருவுக்குக் கொடுக்கும் முறை அதன்பின் விரைந்து பரவியது. 2012 டிசெம்பரில் வெளியான 3.7 ஆம் பதிப்பில் ஒரே ஏஆர்எம் கரு பல்வேறு தளங்களில் தொடங்கக்கூடியதாயிற்று.

ஏறத்தாழ அதே வேளையில் மற்றொரு நிகழ்ச்சியும் இடம்பெற்றது. 2013 இல் வெளியான 3.8 ஆம் பதிப்பு 386 செயலிக்கான ஆதரவை நீக்கியது. பாதுகாக்கப்பட்ட நினைவகப் பக்கத்திற் கருவே எழுத முனைந்தால் 386 அதனைத் தடுப்பதில்லை. அக்குறையை நிரலால் ஈடுசெய்யும் சுமையைக் கரு இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்து வந்தது. எந்தப் பொறிக்காகப் பிறந்ததோ அப்பொறியையே கரு கைவிட்டது. பராமரிப்போருக்கு இது ஆறுதல். பழைய பொறியையன்றி வேறொன்றும் இல்லாதவருக்கு இழப்பு. எல்லைக்கோட்டை வரையும்போதெல்லாம் சிலர் அதற்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

ஆகவே, பொறியை மறந்த கரு என்பது கற்பனையே. தொம்சன் எண்ணிய 800 வரிகள் இன்று வெவ்வேறு வடிவங்களில் பெருகியுள்ளனவேயன்றி மறைந்துவிடவில்லை. மாறியது யாதெனின், அவ்வரிகள் எங்கே உள்ளன என்பதை அறியவும் அவற்றை மாற்றவும் முடிந்தமையாகும். 1977 இல் வொலொங்கொங்கில் இருந்தோருக்குக் கிடைத்த வலிமை அதுவே. அவர்களிடம் சிறந்த பொறி இருக்கவில்லை. மூலநிரலும் அதனை வாசிக்கும் அறிவும் இருந்தன. பொறியை ஆள்வோர் யார் என்னும் வினாவுக்கு, அதன் கருவை வாசித்து மாற்றக்கூடியவர் யார் என்பதிலேயே விடை தங்கியுள்ளது.