விக்ரம் எழும்பாதது தோல்வியா?

2023 ஆகஸ்ட் 23, மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி, ஒலுவில் ஹொஸ்டலில் ஒரு ஃபோனைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றோம். சந்திரயான்-3 இறங்கியதும் ஒரே கைதட்டல். செப்டம்பர் 22க்குப் பிறகும் விக்ரம் எழும்பாதபோது அதே கூட்டத்தில் ஒருவன் சொன்னான்: "ஃபெயிலாப் பெய்த்து மச்சான்." அந்தச் சொல்லுக்குத்தான் இந்தக் கட்டுரை.

நிலவின் ஒரு இரவு நமக்குப் பதினான்கு நாள். இருட்டில் சூரியப் பலகை வேலை செய்யாது. உள்ளே இருக்கிற சூடு கதிர்வீச்சாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஆக, பொறியியலாளர் போடுவதும் கடைக்கணக்குத்தான்: சூடு எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு? வரவு நின்றால் பற்றரி உறைந்துபோகும்.

அந்த வரவுக்கு அணுவைத் தேடியது பழைய கதை. 1969இல் அப்பலோ 11 விட்டுவந்த நில அதிர்வுமானியில் தலா 15 வாட் புளூட்டோனிய ஹீற்றர்கள் இரண்டு இருந்தன. 1970 நவம்பரில் இறங்கிய சோவியத்தின் லுனோகோட் 1 இரவில் சட்டிபோல மூடியைச் சாத்திக்கொண்டு, பொலோனியம்-210 தந்த சூட்டில் கிடந்தது. 138 நாளுக்கொருமுறை பாதியாகும் அந்தச் சூட்டோடு சுமார் பத்து மாதம் ஓடியது. 2013இல் சீனாவும் அணு ஹீற்றரோடுதான் இறங்கியது. இந்தப் பொருட்களை அணு உலையில்தான் உண்டாக்க வேண்டும். எல்லா நாட்டுக்கும் அது கிடைக்காது.

இந்தியாவிடம் இருந்ததா? இருந்தது. பாபா அணு ஆராய்ச்சி நிலையம் செய்த, தலா ஒரு வாட் ஹீற்றர்கள் இரண்டு சந்திரயான்-3இலேயே போயின. ஆனால் விக்ரமில் இல்லை, அதைச் சுமந்துபோன உந்துகலத்தில், பரிசோதனைக்காக. விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் தலைமையில் நடந்த திட்டத்தில் விக்ரமுக்குக் குறித்த ஆயுள் ஒரு நிலவுப் பகல் மட்டுமே. இறங்குகிற கலத்தில் கூடுகிற ஒவ்வொரு கிராமுக்கும் எரிபொருள் வேணும்.

2024இல் ஜப்பானின் ஸ்லிம் அணு ஹீற்றர் இல்லாமலே மூன்று இரவு தாண்டி எழும்பியது உண்மைதான். ஆனால் அதுவும் இரவைத் தாண்டவென்று செய்த கலமில்லை. எழும்பியது அதிர்ஷ்டம். லுனோகோட் எழும்பியது ஏற்பாடு.

போட்ட கணக்குப் பிழைத்தால்தான் தோல்வி. விக்ரமுக்குப் போட்ட கணக்கு பதினான்கு நாள். அந்தக் கணக்குக்குள் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் அது தூங்கியது.