தன் முகவரி தனக்கே தெரியாத சர்வர்

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வி. ஒரு சர்வருக்குத் தன்னோட பப்ளிக் ஐபி என்னன்னு எப்படித் தெரியும்?

டாக்கர் கன்டெய்னருக்குள்ள ஒரு டர்ன் ரிலே சர்வர் ஓடுதுன்னு வைங்க. வீடியோ கால்ல ரெண்டு பேர் நேரடியா இணைய முடியாதப்போ, நடுவுல நின்னு குரலையும் படத்தையும் கடத்துறது அதோட வேலை. அதுக்கு முதல்ல "என்னை இந்த முகவரியில பிடிங்க"ன்னு அது சொல்லணும். ஆனா அதுக்குத் தெரிஞ்சது 172.17.0.2 மாதிரி ஒரு உள் முகவரிதான். அதைச் சொன்னா, கால் எடுப்பாங்க, குரல் வராது. ஃபிளாட் நம்பர் எஃப்-3னு தெரியும், எந்தத் தெருன்னு தெரியாதுங்கற நிலைமை.

இந்தச் சிக்கல் டாக்கர் கொண்டுவந்தது இல்ல. ஐபிவி4-ல மொத்தமே சுமார் 430 கோடி முகவரிதான். அது தீர்ந்துடும்ங்கற பயத்துல, 1994 மே மாசம் எகெவாங், பிரான்சிஸ்னு ரெண்டு பேர் நேட் பத்தின ஆவணத்தை வெளியிட்டாங்க. ஒரே உள் முகவரிகளைப் பல நெட்வொர்க்குகள் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கலாம்ங்கறது யோசனை. அதைத் தற்காலிகத் தீர்வுன்னுதான் அவங்களே சொன்னாங்க. உள் முகவரிகளுக்குன்னு தனி வரிசைகளை 1994 மார்ச்லயே ஒதுக்கியிருந்தாங்க. நம்ம 172.17-உம் அதுல ஒண்ணுக்குள்ள வருது.

தற்காலிகம் நிரந்தரமாச்சு. இணையக் குரல் அழைப்பு வந்தப்போ, உள்ளே இருக்கிற மெஷினுக்குத் தன் வெளி முகவரி தேவைப்பட்டுச்சு. 2003-ல வந்த ஸ்டன் நெறிமுறையோட வழி ரொம்ப எளிமை: வெளியே நிக்கிற ஒருத்தர்கிட்ட "நான் எந்த முகவரியில இருந்து வர்றேன்?"னு கேளு. இதுல ஒரு வேடிக்கை. சில ரவுட்டர்கள் அந்தப் பதிலுக்குள்ள இருந்த முகவரியையும் மாத்திடுச்சு! அதனால 2008 பதிப்புல, ரவுட்டர் கண்ணுல படாதபடி முகவரியை எக்ஸார் பண்ணி மறைச்சு அனுப்புனாங்க.

இன்னைக்கும் அதே வழிதான். கோடர்ன் டாக்கர் இமேஜ்ல டிடெக்ட்-எக்ஸ்டெர்னல்-ஐபின்னு ஒரு குட்டி ஸ்கிரிப்ட் இருக்கு. அது வெளியில இருக்கிற ஒரு சர்வர்கிட்ட கேட்டு, வந்த பதிலை ரிலேவுக்குக் கொடுக்கும்.

ஆனா 2002-லயே இணையக் கட்டமைப்புக் குழு எச்சரிச்சிருந்தாங்க: நேட்டுக்கு "வெளியே"ன்னு ஒரே ஒரு இடம் கிடையாது. யார் பார்க்கிறாங்களோ, அவங்களைப் பொறுத்து முகவரி மாறலாம். நம்ம சர்வர் வெளியே போறது ஒரு கேட்வே வழியா, ஆட்கள் உள்ளே வர்றது வேற முகவரி வழியான்னா, ஸ்கிரிப்ட் கொண்டுவர்ற பதில் உண்மைதான், ஆனா உபயோகம் இல்ல.

அதனால நான் செய்றது இதுதான். நிலையான ஐபி இருந்தா, கான்ஃபிக்ல நானே எழுதிடுவேன். இல்லைன்னா மட்டும் ஸ்கிரிப்ட். அப்புறம் வீட்டு வைஃபையை விட்டுட்டு, மொபைல் டேட்டாவுல இருந்து ஒரு கால் போட்டுப் பார்ப்பேன். குரல் கேட்டாதான் முகவரி சரி.