ஹூண்டாய் சான்ட்ரோ

ஹூண்டாய் சான்ட்ரோ என்பது ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் தமிழ்நாட்டில் திருப்பெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தி செய்த ஐந்து கதவுச் சிறிய மகிழுந்து ஆகும். இதன் முதல் தலைமுறை 1998 செப்டம்பரில் விற்பனைக்கு வந்து 2014 இறுதியில் நிறுத்தப்பட்டது. இதே பெயரில் 2018 அக்டோபரில் அறிமுகமான புதிய வண்டி 2022 வரை விற்கப்பட்டது. முதல் தலைமுறை வண்டிகள் இந்தியாவில் மட்டும் பதின்மூன்று இலட்சத்துக்கு மேல் விற்றன. நடுத்தரக் குடும்பங்கள் பல வாங்கிய முதல் மகிழுந்து இது என்பதால், இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வாங்கிய விலையைப் பற்றியதாக இல்லாமல், வைத்துக் காப்பாற்றிய விதத்தைப் பற்றியதாகவே இருக்கும். வேலூர், ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தில் இவ்வண்டியின் பயன்பாடு இக்கட்டுரையில் தனியே விவரிக்கப்படுகிறது.

வரலாறு

தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் தன் இந்தியத் துணை நிறுவனத்தை 1996 மே மாதத்தில் தொடங்கியது. அக்காலத்தில் இந்தியாவில் சிறிய கார் என்றாலே அது மாருதி 800 தான். 1983 இல் வந்த அந்த வண்டியின் 796 சிசி இயந்திரமே பெரும்பாலோர் அறிந்த அளவுகோல். 1990களின் நடுவில் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும் பெரிய கார்களுடன் தொடங்கின. ஹூண்டாய் சிறிய காருடன் தொடங்கியது. இம்முடிவே பின்னாளில் அந்நிறுவனத்தை நிலைநிறுத்தியது எனலாம்.

சான்ட்ரோவுக்கு அடிப்படை 1997 இல் வெளியான ஹூண்டாய் ஏட்டோஸ் ஆகும். உயரமாக நின்ற அதன் தோற்றம் இந்தியாவில் பலருக்குப் பிடிக்காததால் முன்பகுதியும் பின்பகுதியும் மாற்றப்பட்டன. பிரான்சின் சான் திரோப்பே என்னும் கடற்கரை ஊரின் பெயரிலிருந்து சான்ட்ரோ என்ற பெயர் வந்தது என்பர். நடிகர் சாருக் கான் தோன்றிய விளம்பரங்கள், அறியப்படாத ஒரு கொரிய நிறுவனத்தின் பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. இக்கதையை நிறுவனத்தின் விற்பனைப் பிரிவை நடத்திய பி. வி. ஆர். சுப்பு 2017 இல் நூலாக எழுதியுள்ளார்.

ஏறத்தாழ அதே பருவத்தில் தேவூ மேட்டிசும் டாடா இண்டிகாவும் வந்தன. இண்டிகாவில் டீசல் வகை இருந்ததால் அது வாடகை ஓட்டத்துக்குப் போயிற்று. தேவூவின் கொரியத் தாய் நிறுவனம் கடனில் மூழ்கியதைத் தொடர்ந்து இந்தியாவில் மேட்டிசு உற்பத்தியும் சில ஆண்டுகளில் நின்றது. அவ்வண்டியை வாங்கியோர் உதிரிபாகங்களுக்கு அலைய நேர்ந்தது. கார் வாங்கும்போது நிறுவனம் நிலைக்குமா என்று கேட்கும் வழக்கம் இதற்குப் பின் வலுப்பெற்றது.

வடிவமைப்பு

முதலில் வந்த வண்டியில் நான்கு உருளைகளும் 12 வால்வுகளும் கொண்ட 999 சிசி பெட்ரோல் இயந்திரம் இருந்தது. எரிபொருளை ஒவ்வோர் உருளைக்கும் தனித்தனியே பீய்ச்சும் முறை, கார்புரேட்டருக்குப் பழகிய மெக்கானிக்குகளுக்குப் புதிது. 2000 இல் பவர் ஸ்டீயரிங் வந்தது. 2003 இல் வெளியான சான்ட்ரோ சிங் வகையில் 1086 சிசி இயந்திரம் பொருத்தப்பட்டது. அதன் திறன் ஏறத்தாழ 63 குதிரைத்திறன். நீளம் 3565 மி.மீ., அகலம் 1525 மி.மீ., உயரம் 1590 மி.மீ. அகலத்தை விட உயரம் கூடுதல் என்பது கவனிக்கத்தக்கது. வண்டியின் நன்மை தீமை இரண்டும் இந்த விகிதத்திலிருந்தே பிறக்கின்றன. இந்தியாவில் இதற்கு டீசல் வகை வரவில்லை.

வேலூர் - ஆம்பூர் வட்டாரத்தில் பயன்பாடு

இருங்காட்டுக்கோட்டையை ஒட்டிச் செல்லும் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையே இராணிப்பேட்டை, வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருட்டிணகிரிக்குச் செல்கிறது. இராணிப்பேட்டைக்கு அப்பால் முன்பு தேசிய நெடுஞ்சாலை 46 எனப்பட்ட இப்பகுதி, 2010 இல் எண்கள் மாற்றப்பட்ட பின் தேசிய நெடுஞ்சாலை 48 இன் பகுதியாயிற்று. தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் இச்சாலையின் இருபுறமும் உள்ள ஊர்களில் அமைந்துள்ளன. 2019 இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றன.

தோல் முதலாளிகளின் வீடுகளில் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் முன்பே இருந்தன. சான்ட்ரோ போன்ற கார்கள் அடைந்தது அவர்களுக்கு அடுத்த படியில் இருந்தவர்களை, அதாவது காலணி ஆலை மேலாளர், கணக்கர், ஆசிரியர், மருத்துவமனை ஊழியர், சிறு வணிகர் ஆகியோரை. இவர்களின் தேவை இருவகைப்பட்டது. ஒன்று, ஊருக்குள் குறுகிய கடைத்தெருவில் ஓட்டுவது. மற்றொன்று, முதியவரை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, குடும்பத்தைச் சென்னைத் திருமணத்துக்கோ நெடுஞ்சாலை வழியே அழைத்துச் செல்வது.

முதல் தேவைக்குச் சான்ட்ரோ நன்றாகவே பொருந்தியது. வேலூர் லாங்கு பஜார் போன்ற நெரிசலான தெருவில் திருப்புவதும் நிறுத்துவதும் எளிது. இருக்கை உயரமாக இருப்பதால் முழங்கால் வலியுள்ள முதியோர் குனிந்து இறங்காமல் நேராக அமர்ந்து எழ முடியும். வேட்டி, சேலை, பர்தா அணிந்தவர்களுக்கும் இது வசதி. ஏட்டோஸ் தோற்றத்தில் கேலிக்குள்ளான அதே உயரம் இங்கே வாங்குவதற்கான காரணமாயிற்று.

நெடுஞ்சாலையில் அதே உயரம் குறையாகத் தெரியும். பக்கக் காற்றிலும், பெரிய லாரிகள் உரசினாற்போல் கடக்கும்போதும் வண்டி சற்றே அலையும். பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து, பின்பெட்டியும் நிறைந்தால் பின்பக்கம் தாழ்ந்து, வேகத்தடைகளில் அடிபடும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முழுச் சுமையுடனும் குளிர்சாதனத்துடனும் ஏறும்போது 999 சிசி வண்டி இரண்டாம் கியரை விடாது. ஏறும்போது மட்டும் குளிர்சாதனத்தை நிறுத்தி வைப்பது ஓட்டுநர் பலரின் வழக்கம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஊருக்குள் 12 முதல் 14 கி.மீ., நெடுஞ்சாலையில் 16 முதல் 18 கி.மீ. கிடைத்தால் இயந்திரம் நல்ல நிலையில் உள்ளதாகக் கொள்ளலாம்.

ஆம்பூரில் தோல் மலிவாயிற்றே, காருக்குத் தோல் இருக்கை உறை தைக்கலாமே என்று வெளியூரார் கேட்பதுண்டு. காலணியின் மேற்பகுதிக்கான தோலும் கார் இருக்கைக்கான தோலும் வேறு. பின்னதற்குப் பெரிய பரப்பும், உராய்வையும் வெயிலையும் தாங்கும் தனிப் பதமும் வேண்டும். எனவே தோல் நகரில் ஓடும் சான்ட்ரோவின் இருக்கையிலும் பெரும்பாலும் துணி அல்லது ரெக்சின் உறைதான்.

தண்ணீரும் வெயிலும்

இவ்வட்டாரத்தில் காரைப் பேணுவதில் தண்ணீருக்குத் தனி இடம் உண்டு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடப்படுகிறது. அந்த உப்பும் பதனிடும் வேதிப்பொருள்களும் பல்லாண்டுகளாகக் கழிவுநீருடன் பாலாற்றுப் படுகையில் சேர்ந்ததால், பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாயிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28 அன்று வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது.

இத்தகைய நீரை ரேடியேட்டரில் ஊற்றினால் இரண்டு கேடுகள் விளையும். கடினத்தன்மை சுண்ணாம்புப் படிவாகக் குழாய்களை அடைக்கும். குளோரைடு அலுமினியப் பாகங்களை அரிக்கும். வேலூரில் கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். அப்போது அடைபட்ட ரேடியேட்டரால் இயந்திரம் கொதித்து, சிலிண்டர் ஹெட் கேஸ்கட் போய்விடும். அதன் செலவு பழைய வண்டிக்குத் தாங்கக்கூடியது அன்று. வீட்டுக் கிணற்று நீரை ஊற்றாமல், கூலண்டைக் காய்ச்சி வடித்த நீருடன் கலந்து ஊற்றுவதும், அதைக் குறித்த காலத்தில் மாற்றுவதும் இதற்கு மாற்று. பேட்டரிக்கும் காய்ச்சி வடித்த நீரே உகந்தது. உவர்நீரால் வண்டியைக் கழுவினால் உடனே துடைக்க வேண்டும். வெயிலில் காயவிட்டால் வெள்ளைத் திட்டுகள் வண்ணத்தில் தங்கிவிடும்.

மற்றப் பழுதுகள் எல்லா ஊருக்கும் பொதுவானவை. ஓட்டம் கூடக் கூடக் கிளட்ச் கனக்கும். மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து தட்டும் ஓசை கேட்கும். டைமிங் பெல்ட்டை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஓடும்போது அது அறுந்தால் வண்டி நின்றுவிடும், இயந்திரத்தின் உட்பாகங்களும் சேதமடையக்கூடும். பழைய சான்ட்ரோ வாங்குவோர் வண்ணத்தையும் இருக்கையையும் பார்ப்பதைவிட, இந்தப் பெல்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்பது பயனுள்ளது.

பாதுகாப்பு

முதல் தலைமுறைச் சான்ட்ரோ வடிவமைக்கப்பட்ட காலத்தில் இந்தியாவில் முன்மோதல் சோதனையோ காற்றுப்பையோ கட்டாயமில்லை. மோதல் சோதனை விதிகள் புதிய வடிவங்களுக்கு 2017 அக்டோபரிலும், எல்லாக் கார்களுக்கும் 2019 அக்டோபரிலும் நடைமுறைக்கு வந்தன. ஓட்டுநர் காற்றுப்பை 2019 சூலையில் கட்டாயமாயிற்று. 2018 இல் வந்த புதிய சான்ட்ரோவும், 2019 நவம்பரில் வெளியான குளோபல் என்சிஏபி சோதனை முடிவில் பெரியவர் பாதுகாப்புக்கும் குழந்தைகள் பாதுகாப்புக்கும் தலா இரண்டு நட்சத்திரங்களையே பெற்றது.

நெடுஞ்சாலை நான்கு வழியாக அகன்ற பின் வேகம் கூடியது. வண்டியோ பழையதாகவே இருந்தது. ஆலை ஊர்களை ஒட்டிய இடங்களில் வேலைநேரம் தொடங்கும்போதும் முடியும்போதும் இருசக்கர வண்டிகளும் நடந்து செல்வோரும் சாலையைக் கடப்பர். திடீரெனப் பிரேக் போட நேர்ந்தால், குறுகிய டயர்களும் உயர்ந்த உடலும் கொண்ட காரை நேராக நிறுத்துவது கடினம். காற்றுப்பை இல்லாத வண்டியில் இருக்கைப் பட்டையே ஒரே காப்பு. பின்னிருக்கையில் உறைக்கு அடியில் அமுங்கிக் கிடக்கும் பட்டைகளை வெளியே எடுத்து வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

பழைய வண்டிகளின் நிலை

தனியார் மகிழுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வு செய்து ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகத்தில் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் செலுத்த வேண்டும். பழைய சான்ட்ரோவின் மறுவிற்பனை விலையுடன் ஒப்பிட்டால் இது சிறு தொகையன்று.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025 வாக்கில் பரவலானதும் இவ்வண்டிகளைப் பாதித்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும். அக்கலவையைக் கருதிச் செய்யப்படாத பழைய இரப்பர்க் குழாய்களும் வளையங்களும் விரைவில் தேயக்கூடும். எனவே எரிபொருள் குழாய்களை ஒவ்வொரு பராமரிப்பின்போதும் பார்த்து, விரிசலோ பெட்ரோல் வாடையோ இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.